நீர் கேளாத தோட்டம்

இந்திய நாட்டின் எந்த மூலைக்குச் சென்றாலும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் இடத்தில் நிற்கின்ற ரிக் லாரியின் பக்கவாட்டில் திருச்செங்கோடு என்னும் ஊர்ப்பெயரைக் காண வாய்ப்புண்டு. பாறையைத் துளைத்து நீர் காணும் தொழிலை நம் சமவெளி ஊர் ஒன்று நாடெங்கும் கொண்டு சென்றிருக்கிறது. பெருமைப்படத்தக்க திறமைதான். ஆயினும் ஒரு தொழில் ஓர் ஊரில் ஏன் வேர்கொள்கிறது என்று கேட்டால் பெருமையோடு சற்றுத் துயரமும் கலந்தே விடை வருகிறது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலடுக்கின் சிதைவுகளிலும் மட்டுமே நீர் தங்கும். ஐம்பது அறுபதடிக் கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஆயிரம் அடிக்கும் கீழே துளையிட்டு, வெள்ளைக் கற்பொடி மட்டும் புகையாய் மேலெழுவதைக் கண்டு கடனோடு வீடு திரும்புகிறார்கள். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்து, 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அறிவிக்கப்பட்டதை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது.

இத்தகைய மண்ணில் பூந்தோட்டம் வைப்பது அறமா?

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். உலகில் எத்தனையோ பெரும் அநீதிகள் இருக்க, தோட்டத்தைப் பற்றியா அறநெறி பேசுவது என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சித்திரை வெயிலில் நம் பகுதியில் ஒரு புல்வெளி பசுமையாக இருக்க வேண்டுமானால் நாள்தோறும் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு அதற்கு நீர் வேண்டும். அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர். ஒரு சென்ட் நிலம் நாற்பது சதுர மீட்டர். ஆக ஒரு சென்ட் புல்வெளி ஒரு நாளில் இருநூறு லிட்டர் குடிக்கிறது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் சிற்றூரில் வாழும் ஒருவருக்கு ஒரு நாளுக்கென வகுத்த அளவு 55 லிட்டர். நம் வீட்டு முற்றத்திலோ, ஆலய முகப்பிலோ, பள்ளியின் வாயிலிலோ ஒரு சென்ட் அளவுக்கு விரித்த பச்சைக் கம்பளம் மூன்றரைப் பேரின் பங்கை நாள்தோறும் குடித்துவிடுகிறது. அந்தப் புல்லை ஆடும் மேயாது, மாடும் மேயாது. மிதிக்கக் கூடாது என்று பலகை வேறு வைத்திருப்போம்.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் சிலர் மறுகோடிக்குத் தாவிவிடுகிறார்கள். தோட்டமே வேண்டாம், சிமெண்ட் போட்டு மூடிவிடலாம், அல்லது பேவர் கற்களைப் பதித்துவிடலாம் என்பது அவர்கள் முடிவு. அண்மைக் காலத்தில் நம் ஆலய வளாகங்கள் பலவற்றுக்கு இந்தக் கதிதான் நேர்ந்திருக்கிறது. தூசி இல்லை, சேறு இல்லை, திருவிழாவுக்குப் பந்தல் போட வசதி என்று காரணங்கள் சொல்லப்படும். ஆனால் பெய்கின்ற மழை மண்ணுக்குள் இறங்க வழியின்றிச் சாக்கடைக்கு ஓடுகிறது. நண்பகலில் வளாகம் அடுப்பாய்க் கொதிக்கிறது. 2003இல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டம் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. அப்போது தோண்டிய குழிகளுள் எத்தனை இன்று பேவர் கற்களுக்கு அடியில் புதைந்து கிடக்கின்றன என்று ஒவ்வொரு பங்கும் எண்ணிப் பார்க்கலாம்.

இன்பத்தை விலக்குவதே புண்ணியம் என்று நினைப்பது நம்மிடையே வேரூன்றிய ஒரு தவறான எண்ணம். புனித தோமா அக்குவினா மட்டுமிதம் என்னும் நற்பண்பைப் பற்றி எழுதும்போது, அதற்கு எதிரான குறைகளாக இரண்டைக் குறிப்பிடுகிறார். ஒன்று, எவரும் எதிர்பார்க்கும் அளவுகடந்த நுகர்ச்சி. மற்றொன்று, மனித இயல்புக்குத் தேவையான இன்பத்தையும் உணராமல் மரத்துப்போகும் நிலை. இரண்டாவதும் அவருடைய கருத்தில் ஒரு தீயொழுக்கமே. பசுமையைக் காண விரும்பும் கண் குற்றம் செய்யவில்லை. ஏழைக் குடிசையின் வாசலிலும் உடைந்த பிளாஸ்டிக் வாளியில் ஒரு செடி நிற்கிறது. அதைப் பிடுங்கி எறியச் சொல்லும் அறநெறி எதுவும் நமக்கு வேண்டாம்.

புல்லுக்கும் சிமெண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர் வாரியம் 1981இல் குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் முறைக்குத் தனிப்பெயர் சூட்டி அதைப் பரப்பியது. இன்று வசதியுள்ளோர் அதனைப் புதுமை என்று எண்ணி நாற்றுப் பண்ணைகளில் பணம் கொட்டுகிறார்கள். நம் ஊர்க் காட்டு வேலிகளை அவர்கள் கண்டதில்லை போலும். சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி, இலைக்கள்ளி, பாறை இடுக்கில் மருள், வேலியில் படரும் பிரண்டை, குன்றின் சரிவில் கல்முளையான், வீட்டு வாசலில் தலைகீழாய்த் தொங்கினாலும் வாடாத சோற்றுக்கற்றாழை என, நீர் கேளாத செடிகளின் பட்டியல் நம்மிடம் நீண்டது. சங்கப் புலவர்கள் பாலை நிலத்தையும் சுடுகாட்டையும் பாடும்போதெல்லாம் கள்ளியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அதனாலோ என்னவோ அதைத் தோட்டத்துக்குள் அழைக்க நமக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவது நல்லது. தமிழில் இரண்டு வேறு குடும்பங்களைக் கள்ளி என்ற ஒரே சொல்லால் அழைக்கிறோம். நம் மண்ணுக்குரிய சதுரக்கள்ளி முதலியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கிள்ளினால் வெண்பால் வடியும். சப்பாத்திக்கள்ளியும் கடைகளில் சிறு தொட்டிகளில் விற்கும் உருண்டைக் கள்ளிகளும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. அவற்றின் முட்கள் பஞ்சு போன்ற சிறு மேடைகளிலிருந்து கொத்தாக எழும். இரண்டு கண்டங்களில் இரண்டு குடும்பங்கள், ஒன்றையொன்று அறியாமலே, வறட்சிக்கு ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. இலையைத் துறந்து, தண்டைத் தடித்த பாத்திரமாக்கி, முள்ளால் காவலிட்டு வாழும் விடை அது.

அந்த விடையின் நுட்பத்தை முதலில் நாவால் சுவைத்தறிந்தவர்களுள் ஒருவர் நம் தமிழ் மண்ணோடு தொடர்புடையவர். பெஞ்சமின் ஹெய்ன் மொரேவிய சபையின் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகி, 1819இல் சென்னையில் காலமானார். நாம் ரணகள்ளி என்று சொல்லும் செடியின் இலை காலையில் மென்றால் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றுக் கசக்கிறது என்று அவர் எழுதிய மடல் 1815இல் இலண்டன் லின்னேயன் கழகத்தின் வெளியீட்டில் அச்சானது. காரணம் பின்னாளில் விளங்கியது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன. துளை திறந்தவுடன் வெயில் உள்ளிருக்கும் நீரைக் கவர்ந்து கொள்கிறது. கள்ளி வகைகளோ பகல் முழுவதும் கதவை அடைத்து, இரவின் குளிர்ச்சியில் திறந்து, வாங்கிய வாயுவை அமிலமாக்கிச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் கதவைத் திறவாமலே உணவு சமைக்கின்றன. காலையில் ஹெய்ன் சுவைத்த புளிப்பு அந்த இரவுச் சேமிப்பே. ஒரு கிராம் கரியமில வாயுவை ஈட்ட நெல் போன்ற பயிர்கள் 400 முதல் 500 கிராம் நீரை இழக்க, இவ்வகைச் செடிகள் 50 முதல் 100 கிராமோடு நிறுத்திக்கொள்கின்றன. விலை இல்லாமலும் இல்லை. இவற்றின் வளர்ச்சி மிக மெதுவானது. அரிசோனாவின் சகுவாரோ கள்ளி கிளைவிடுவதற்கே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கிறது.

இந்த இடத்தில் பல மறையுரைகள் நின்றுவிடும். பார்த்தீர்களா, கள்ளியைப் போல் சிக்கனமாக வாழுங்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நேர்மையோடு சிந்திப்போர்க்கு ஒரு தடை எழுகிறது. சேமித்து வைத்துக்கொண்டு, யாரும் நெருங்காதபடி முள்வேலி போட்டுக்கொள்வதா நற்பண்பு? லூக்கா நற்செய்தியில் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட செல்வனும் சேமித்தவன்தானே? அவனையும் கள்ளியையும் எதைக்கொண்டு வேறுபடுத்துவது?

செடிக்கு அறமும் இல்லை, மறமும் இல்லை என்பது உண்மை. அதற்குச் சித்தம் கிடையாது. எனினும் உவமையாகப் பார்க்கும்போது, வேரைக் கவனித்தால் வேறுபாடு புலனாகிறது. பெரும்பாலான கள்ளிகளின் வேர் ஆழமாக இறங்குவதில்லை. தன்னைச் சுற்றிச் சில அடி தூரம் மேலாகப் பரவி, தன் பங்குக்கு விழும் மழையை மட்டும் விரைந்து உறிஞ்சிக்கொள்கிறது. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறோ அவ்வாறன்று. பாறை வெடிப்புக்கு வரப்பு தெரியாது, பட்டா தெரியாது. நாம் நம் நிலத்தில் துளையிடும்போது அண்டை வீட்டுக்காரரின் கிணற்று நீர் நம் குழாய்க்குள் வருகிறது. அவர் இன்னும் நூறடி ஆழமாகத் துளையிடுகிறார். நாம் அதற்கும் கீழே போகிறோம். இப்போட்டியில் கடைசியில் வெல்பவர் கடன் வாங்கும் தகுதி அதிகமுள்ளவர். மண்ணின் வளங்கள் எல்லா மனிதர்க்கும் உரியவை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் உரைத்தது. தூய்மையான குடிநீர் கிடைப்பது அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிசு 2015இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். நில உரிமையோடு அடியிலுள்ள நீர் முழுவதும் நமக்கே சொந்தம் என்று எண்ணும் பழக்கம் இந்தப் போதனைக்கு முன் நிற்காது.

ஆகவே கேட்க வேண்டியது, எவ்வளவு சேமித்தோம் என்பதன்று. யாருடைய வாயைக் கட்டிச் சேமித்தோம் என்பதே. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நம் மக்கள் சொல்வார்கள். தன் வாயைக் கட்டுவது ஒன்று, பிறர் வாயைக் கட்டுவது வேறொன்று. வெளித்தோற்றத்தில் இரண்டும் சிக்கனமாகவே தெரியும். கணக்குப் புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான் விழும். முதலாவது மட்டுமிதம். இரண்டாவதற்குப் பேராசை என்று பெயர். பேராசை தன்னைச் சிக்கனம் என்று அழைத்துக்கொள்ளும்போது அதைக் கண்டறிவது கடினம்.

நம் மாவட்டத்தில் கள்ளியைப் பற்றி எழுதும் ஒருவர் இந்த இடத்தைத் தாண்டிச் செல்ல முடியாது. கள்ளிப்பால் என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் கேட்டால் யாருக்கும் முதலில் தோட்டம் நினைவுக்கு வருவதில்லை. பிறந்த பெண்குழந்தையின் வாயில் ஊற்றப்பட்ட நஞ்சாகவே அச்சொல் நம் காதில் விழுகிறது. உசிலம்பட்டி, தருமபுரி, சேலம் என்னும் பெயர்கள் அந்தச் சொல்லோடு சேர்த்தே செய்தித்தாள்களில் வந்தன. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன்முதலில் தொடங்கிய மாவட்டம் சேலம். நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்து இயங்கத் தொடங்கியது 1997 சனவரியில்தான் என்பதால், அன்றைய சேலம் என்பது நாம் அனைவருமே. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண்குழந்தைகள் ஆயிரம் பேருக்குப் பெண்குழந்தைகள் 850கூட இல்லாத மாவட்டமாக அது இருந்தது. 2011இல் அந்த எண் 900ஐக் கடந்தது. தொட்டிலில் விடப்பட்டுப் பிழைத்தவர்கள் இன்று முப்பது வயதைக் கடந்த பெண்கள். அவர்களுள் சிலர் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

சிலர் அந்த அவமானத்தால் கள்ளியை வெட்டி எறிய வேண்டும் என்பார்கள். ஆலய வளாகத்தில் கள்ளியா என்று முகம் சுளிப்போரும் உண்டு. அந்த உணர்ச்சியை நாம் மதிக்கிறோம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வசதியான தப்பித்தல் ஒளிந்திருக்கிறது. செடியின் பெயரைச் சொல்லிவிட்டால் கையின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தீமை பொருள்களில் இல்லை, அவற்றைப் பயன்படுத்தும் சித்தத்தில் இருக்கிறது என்பது குருமடத்தின் முதலாண்டில் படிக்கும் பாடம். அதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை. வீட்டுமனைகளுக்காகக் கள்ளி வேலிகள் அழிந்தன. பெண்குழந்தைகளின் சாவு அதனோடு அழியவில்லை. ஸ்கேன் இயந்திரம் வந்தது. கருவிலேயே பாலறிந்து கலைப்பதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்றி, 2003இல் அதைத் திருத்தியும் கடுமையாக்க வேண்டியிருந்தது. நஞ்சு மாறியது, எண்ணம் மாறவில்லை.

அந்த எண்ணம் எது? கொடுமைக்காரர்களின் எண்ணம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. கணக்குப் பார்க்கும் எண்ணம் அது. இவ்வளவு நகை, இவ்வளவு சீர், இவ்வளவு படிப்புச் செலவு, மழையில்லாத காட்டில் இதற்கு எங்கே போவது என்று ஒரு குடும்பம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது. தாங்காது என்று முடிவு செய்கிறது. வறண்ட நிலத்தின் சிக்கனம்தான் அங்கே பேசுகிறது. ஆனால் அது தன் வாயைக் கட்டவில்லை. பேச இயலாத ஒரு வாயைத் தேர்ந்தெடுத்துக் கட்டுகிறது. வரதட்சணை கேட்ட மாப்பிள்ளை வீட்டாரின் வாயை யாரும் கட்டவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் பங்குகளிலும் ஓலை வாசிக்கும் முன்பே பவுன் பேசி முடிந்திருப்பது யாருக்கும் புதிய செய்தியன்று.

நீர் விஷயத்திலும் இதே மனம் வேலை செய்கிறது என்பதற்காகவே இவ்வளவு சொல்ல நேர்ந்தது. வீட்டில் நீர் குறைந்தால் முதலில் குளிக்காமல் இருப்பவர் யார்? குடத்தோடு வரிசையில் நிற்பவர் யார்? பள்ளிக்கூடம் போகாமல் லாரித் தண்ணீருக்காகக் காத்து நிற்கும் பிள்ளை மகனா, மகளா? சிக்கனத்தைப் போதிக்கும் நாமும், மேல்தொட்டி நிரம்பி வழியும்போது மோட்டாரை நிறுத்த ஆள் அனுப்புவதோடு சரி. ஒரு நிறுவனம் புல்வெளியை எடுத்துவிட்டுக் கள்ளித் தோட்டம் போட்டுத் தன் சம்ப்பில் கூடுதலாக நீர் வைத்துக்கொண்டால், அதற்கு நீர்க்கட்டணம் குறையுமே அன்றி வேறொன்றும் நேர்ந்துவிடவில்லை. மிச்சமான இருநூறு லிட்டர் சுற்றுச்சுவருக்கு வெளியே ஒரு குழாயாய் நீளும்போதுதான் அது அறம் ஆகிறது. பத்தடி பிளாஸ்டிக் குழாயும் ஒரு திருகும் போதும். அதற்குத் திறப்புவிழா வேண்டாம், பெயர்ப்பலகை கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. நீர் கேளாத செடி என்பதாலேயே எல்லாக் கள்ளியும் நன்மை செய்யும் என்று நினைத்துவிடலாகாது. சென்னையில் கம்பெனியின் தலைமை மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில். கள்ளியில் வளரும் சிறு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பது அவர் கனவு. 1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து வங்காளத்துக்குக் கொண்டுவந்த பூச்சி வேறு இனம். சாயம் சரியாகத் தரவில்லை, கள்ளியைத்தான் தின்றது. சாயக் கனவு கலைந்தது. வேறொரு வகைச் சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு மேய்ச்சல் நிலங்களையெல்லாம் மூடியது. 1926இல் மற்றொரு பூச்சியினத்தை வரவழைத்து விட்ட பிறகே, சில ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது. உயிரைக்கொண்டு களையை அடக்கும் முறைக்கு உலகம் காட்டும் தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் இது ஒன்று. ஆனால் அதே செடியின் முள்ளைத் தீயில் பொசுக்கிப் பஞ்ச காலங்களில் மாட்டுக்குப் போட்டதும், அதன் பழத்தை மனிதர் தின்று நாள் கடத்தியதும் உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில் சேலம் மாவட்டம் அடைந்த இழப்பு பயங்கரமானது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 66 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்தைத் தொடவில்லை. களை என்று நாம் சபிக்கும் செடி யாருடைய கொள்ளுத்தாத்தாவை உயிரோடு வைத்திருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

ஆகையால் தோட்டம் போட முன்வருவோர் முதலில் உள்ளூர்ச் செடிகளைத் தேடுவதே முறை. விலைகொடுத்து வாங்க நேர்ந்தால் பண்ணையில் விதையிலோ பதியனிலோ வளர்த்ததா என்று கேட்டு வாங்குவது நலம். உலகின் கள்ளியினங்களுள் 31 விழுக்காடு அழியும் நிலையில் உள்ளன என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது. காட்டிலிருந்து திருடி அழகு பார்ப்போர்க்கு விற்பதும் அதற்கு ஒரு காரணம். சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து களவாடப்பட்ட நூற்றுக்கணக்கான கள்ளிகள் இத்தாலியில் பிடிபட்டு, 2021இல் தாயகம் திரும்பின. கடைகளில் சிவப்பும் மஞ்சளுமாய்ப் பந்து வைத்தது போல் நிற்கும் ஒட்டுக்கள்ளியை நாம் விரும்புவதில்லை. பச்சையம் இல்லாததால் தானே உணவு சமைக்க இயலாத ஒன்றை மற்றொன்றின் தலைமேல் வைத்துச் சில ஆண்டுகள் வாழவைக்கும் காட்சி அது. இது நம் சொந்த விருப்பு வெறுப்பு மட்டுமே, அறநெறித் தீர்ப்பன்று.

பாலுள்ள கள்ளிகளைப் பிள்ளைகள் விளையாடும் இடத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். இயேசுவின் முள்முடி என்று மேனாட்டார் பெயரிட்ட சிவப்புப் பூச்செடி ஆலயங்களில் பெரிதும் விரும்பப்படுகிறது. அது மடகாஸ்கர் தீவுக்குரியது, பாலஸ்தீனத்தில் வளர்ந்ததன்று. பக்திக்கு அதனால் குறைவில்லை, ஆனால் மறைக்கல்வி வகுப்பில் அதைக் காட்டிக் கதை சொல்லும் ஆசிரியர்கள் இதையும் சொல்லிவிடலாம். அதற்கும் பால் உண்டு.

வீடுகளில் பிரம்ம கமலம் என்று போற்றி, பூக்கும் இரவில் தெருவையே அழைத்துக் காட்டுகிறார்களே, அதுவும் மெக்சிகோவிலிருந்து வந்த ஒரு கள்ளிதான். காட்டு மரங்களின் நிழலில் வாழ்ந்து பழகியது, ஆதலால் நேர்வெயில் ஆகாது. மற்றவற்றுக்கு வெயில் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது, நீர் எவ்வளவு குறைந்தாலும் நல்லது. தொட்டியில் வளரும் கள்ளிகள் தாகத்தால் சாவதைவிட வளர்ப்பவரின் பாசத்தால் அழுகிச் சாவதே அதிகம். செம்மண் ஒரு பங்கு, உடைத்த செங்கல் சல்லியும் சன்னமான ஜல்லியும் இரண்டு பங்கு என்று கலந்தால் நீர் தேங்காது. ஆற்று மணலைத் தேடி அலைய வேண்டாம், ஆற்றில் மிச்சமிருப்பது அங்கேயே இருக்கட்டும். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். மண் முழுவதும் காய்ந்த பிறகே, கோடையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர் ஊற்றினால் போதுமானது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுவது நல்லது. நடுவதற்குத் தை மாதம் ஏற்றது.

செடி வாங்கக் காசில்லை என்ற கவலையும் இதில் இல்லை. ஒருவர் வீட்டில் இருந்தால் ஒரு துண்டை ஒடித்துத் தரச் சொல்லிக் கேட்கலாம், யாரும் மறுக்கமாட்டார்கள். ஒடித்ததை உடனே நட்டுவிடக் கூடாது. வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைத்து, பிறகு மண்ணில் நிறுத்தி, முதல் பத்து நாள் ஒரு சொட்டு நீரும் ஊற்றாமல் விட்டுவிட வேண்டும்.